லயமும் அடுக்குமாடியும்: மலைத்தோட்டப் புனைகதையில் வீடு

வீட்டைப் பற்றிப் பேசாத இலக்கியம் எந்த மொழியிலும் இல்லை. ஆயினும், அந்த வீடு யாருடையது என்ற வினாவை நேர்நின்று எழுப்பிய படைப்புகள் சிலவே. தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் தன் முதற்பொருளாகக் கொண்டு வளர்ந்த மலேசியத் தமிழ்ப் புனைகதைக்கு இவ்வினா உயிர்நாடி போன்றது. லயத்தில் பிறந்து, லயத்தில் மணந்து, லயத்தில் மூப்பெய்திய மக்களின் கதையை நம் எழுத்தாளர்கள் பல்லாண்டுகளாக எழுதி வந்துள்ளனர். அம்மக்களுள் பெரும்பாலோர் இன்று லயங்களில் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நகர்ப்புறத்து அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். வாழ்க்கை மாடி ஏறிவிட்டது. நம் புனைகதையோ இன்னும் லயத்து வாசலில் நின்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த இடைவெளி எவ்வாறு நேர்ந்தது, அதனால் நம் இலக்கியம் இழப்பது என்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்குரிய களமாகப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். லயமும் அடுக்குமாடியும் ஒரே மலைத்தொடரில் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இடம் அது.

குறிஞ்சி நிலமும் பாலை ஒழுக்கமும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிந்து குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து மலைக்குச் செல்லும் பாதை நிறைவுற்றது. பாரத் தேயிலைத் தோட்டம், புளூவேலி தோட்டம் எனத் தோட்டங்கள் பெருகின. காட்டைத் திருத்தியும் சரிவுகளில் கன்று நட்டும் கொழுந்து பறித்தும் இலையை வாட்டி அரைத்தும் உழைத்தோருள் தமிழரே மிகுதி. ஹாபு, ரிங்லெட், சுங்கை பாலாஸ் முதலிய இடங்களில் லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் தோன்றின.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், புள், தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்கிறது. மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்கிறது. தமிழ் மாணவர் யாவரும் அறிந்த இவ்விலக்கணத்தைக் கேமரன் மலைக்குப் பொருத்திப் பார்த்தல் பயன் தரும். மலையும் மலைசார்ந்த இடமுமாகிய இந்நிலம் குறிஞ்சி என்பதில் ஐயமில்லை. கூதிர்க்காலம் ஆண்டு முழுவதும் தங்கியது போன்ற குளிரும் பனிமூட்டமும் இங்குண்டு. ஆனால் குறிஞ்சிக்குரிய தினைப்புனமும் வேங்கையும் இருந்த இடத்தை இந்நிலத்தில் தேயிலையும் முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியும் பிடித்துக்கொண்டுள்ளன. பரண்மீதிருந்து கிளி ஓட்டிய மகளின் இடத்தில் முதுகிலே கூடை சுமந்த கொழுந்துக்காரி நின்றாள். பின்னர் அவளுடைய இடத்திற்குக் கைக்கத்தரியும் பறிக்கும் இயந்திரமும் வந்தன. அவற்றை இயக்க இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் வந்தனர்.

கருப்பொருள் மாறியது போலவே உரிப்பொருளும் மாறியது. குறிஞ்சிக்குரிய ஒழுக்கம் புணர்தல். தோட்டத்தின் கதையோ தொடக்கம் முதலே பிரிவின் கதை. ஊரைப் பிரிந்து கப்பலேறியவர் தாத்தா; தோட்டத்தைப் பிரிந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ பேருந்து ஏறியவன் பேரன். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயர்தரும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் கருதினார். வெயிலால் நிலம் திரிவதை அவர் சொன்னார். வெயிலே இல்லாத பனிமலையிலும் நிலம் பாலையாகும் என்பதைத் தோட்ட வாழ்வு காட்டுகிறது. முதற்பொருள் குறிஞ்சி, உரிப்பொருள் பாலை. மலைத்தோட்டப் புனைகதையின் திணை இதுவே எனலாம்.

இத்திணைக்கு உலகெங்கும் தமிழில் படைப்புகள் உண்டு. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக் கேணி’ திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றவளின் கதை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. அதன் தலைப்பே ஒரு திறனாய்வு. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. மலையடிவாரத்தில் நின்று நோக்குவோர்க்கும் கார்க் கண்ணாடி வழியே நோக்கும் சுற்றுலாப் பயணிக்கும் தேயிலைச் சரிவு குளிர்ச்சிதான். அருகே சென்றால் அட்டைக்கடியும் பனியில் விறைத்த விரல்களும் தெரியும். பி. எச். டேனியல் என்னும் மருத்துவர் ஆனைமலைத் தோட்டங்களில் தாம் கண்டவற்றை 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார், அதனை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். பனியும் எரிதலும் ஒரே தொடரில் இணைந்த அத்தலைப்பு, நாம் மேலே கூறிய திணைத் திரிபையே சுட்டி நிற்கிறது.

லயம் என்னும் கூலி

இப்படைப்புகளில் வீடு எவ்வாறு அமைகிறது என்பதே நம் வினா. லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகள். தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்னும் சிறுகதையைப் படித்தவர்க்கு அவ்வறையின் அளவு மறவாது. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே இடத்தில் நெருங்கிப் படுக்க நேரும் குடும்பத்தின் மானமும் மனமும் என்னவாகும் என்பதை அக்கதை பதறப் பதறக் காட்டுகிறது. அறையின் நீள அகலத்தை எண்ணால் சொன்னால் அது செய்தி. இருளில் ஒருவர் புரண்டு படுப்பதற்கு அஞ்சும் அச்சத்தைச் சொன்னால் அது இலக்கியம்.

ஆனால் இடநெருக்கடியைக் காட்டிலும் ஆழமான குறை ஒன்று லயத்திற்கு உண்டு. அது குடியிருப்போனுக்குச் சொந்தமன்று. இலங்கை மலைநாட்டுத் தொழிற்சங்கவாதியும், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவருமான சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். லயத்தில் வாழ்பவனை வீடற்றவன் என்றழைப்பது முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும். வேலை போனால் அறையும் போகும் என்ற நிலையில், அந்த அறை கூலியின் ஒரு பகுதியே அன்றி வீடு ஆகாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். சங்கம் சேர்ந்தவன் வேலையை இழப்பான். வேலையை இழந்தவன் கூரையையும் இழப்பான். ஆகவே லயத்துக் கதவின் சாவி உண்மையில் துரையின் மேசைக்குள் இருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்கள் நாடற்றோராயினர் என்னும் வரலாற்றை இதனோடு சேர்த்துப் படிக்கும்போது, வீடற்றவன் என்னும் ஒரு சொல் அறையிலிருந்து நாடுவரை விரிவதைக் காணலாம்.

மலேசியாவிலும் இதே நிலைதான். 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, கைமாறியது நிலம். தெருவுக்கு வந்தவர் தொழிலாளர். அவ்வேளையில் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். கூலியாக இருப்பவன் உரிமையாளனாகவும் ஆகலாம் என்ற எண்ணத்தை ஏட்டில் எழுதாமல் நிலத்தில் எழுதிக்காட்டிய முயற்சி அது. பின்னர்த் தொழிலாளர் குடியிருப்பின் தரத்தை வரையறுக்கும் சட்டம் 1990இல் திருத்தமாக இயற்றப்பட்டது. தண்ணீரும் மின்சாரமும் இடவசதியும் அதனால் மேம்பட்டன. எனினும் குடியிருப்பு வேலையோடு பிணைந்தே இருந்தது. நல்ல லயமும் லயமே.

கா. பெருமாளின் ‘துயரப் பாதை’ தொடங்கி அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, சீ. முத்துசாமியின் ‘மண் புழுக்கள்’ வரை தோட்டத்தைக் களமாகக் கொண்ட நாவல்களை இந்நோக்கில் படிக்கலாம். மண்ணைப் பதப்படுத்தும் புழுவுக்கு அம்மண்ணில் பட்டா இல்லை என்பதை ‘மண் புழுக்கள்’ என்ற தலைப்பே உணர்த்துகிறது. கோ. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’ பகாங் மாநிலத்து நிலத்திட்டமொன்றில் சிக்கிக்கொண்ட தொழிலாளரைப் பற்றிப் பேசுகிறது. அங்கே சாவியின் மறுபக்கம் தெரிகிறது. வெளியே தள்ளுவதற்கு மட்டுமன்றி உள்ளே பூட்டி வைப்பதற்கும் சாவி பயன்படும்.

இவ்வளவும் அறிந்த நம் புனைகதையில், லயத்தை எண்ணி ஏங்கும் போக்கு ஒன்று கடந்த பல ஆண்டுகளாக ஓங்கி வளர்ந்துள்ளது. திடலில் பந்து விளையாடியது, தீமிதித் திருவிழாவுக்குத் தோட்டமே கூடியது, ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் அடுத்த வீட்டுக்குக் கிண்ணம் போனது, வாசலில் பசு கட்டியிருந்தது என்று நினைவுகள் அடுக்கப்படுகின்றன. இவை பொய்யல்ல. ஆனால் இந்த ஒற்றுமை லயம் கொடுத்த கொடை என்பதுபோல் எழுதும்போதுதான் தவறு நேர்கிறது. லயம் கொடுத்தது நெருக்கடியை. அந்த நெருக்கடிக்குள் உறவை உண்டாக்கியவர்கள் மக்கள். கோயிலைக் கட்டியதும் நாடகம் போட்டதும் பள்ளிக்குப் பிள்ளை சேர்த்ததும் அவர்களே. இந்த வேறுபாட்டை மறந்த எழுத்து, தன்னை அறியாமலே தோட்ட நிர்வாகத்திற்கு நன்றியுரை வாசித்துவிடுகிறது.

புறாக்கூடு என்னும் பழகிய உவமை

லயத்தை ஏக்கத்தோடு நோக்கும் எழுத்து அடுக்குமாடியை வெறுப்போடு நோக்குவது இயல்பே. நம் சிறுகதைகளில் அடுக்குமாடி வரும் இடங்களை நோக்குக. புறாக்கூடு, தீப்பெட்டி, கூண்டு, சிறை ஆகிய நான்கு உவமைகளுக்குள் பெரும்பாலான வருணனைகள் அடங்கிவிடும். மின்தூக்கி பழுதாகியிருக்கும். படிக்கட்டில் இளைஞர் கூட்டம் நின்றிருக்கும். பக்கத்து வீட்டார் பெயர் தெரியாதிருக்கும். இறுதியில் ஒரு முதியவர் சன்னலருகே நின்று தோட்டத்தை எண்ணிக் கண்ணீர் உகுப்பார். இத்தகைய கதைகளுள் சில உண்மை அனுபவத்திலிருந்து பிறந்தவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. மின்தூக்கி பழுதாவதும் உண்மை. பத்தாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாததும் உண்மை. ஆயினும், உவமை எழுத்தாளனுக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டால், அவன் பார்க்க வேண்டியவற்றைப் பார்க்க விடாது.

பார்க்கத் தவறியவை எவை? முதலாவது, சாவி. குறைந்த விலை அடுக்குமாடியில் ஒரு வீட்டைத் தவணையில் வாங்கிய தோட்டத் தொழிலாளியின் மகள், தன் பரம்பரையில் முதன்முதலாக ஒரு கதவைத் தன் பெயரால் திறக்கிறாள். நிலத்தில் நில்லாமல் வானத்தில் மிதக்கும் ஒரு மாடிக்கும் தனித்தனி உரிமைப் பத்திரம் வழங்க 1985ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் வகைசெய்தது. தாத்தாவை லயத்திலிருந்து வெளியேற்ற ஒரு கடிதம் போதுமாயிருந்தது. பேத்தியை அவ்வாறு வெளியேற்ற முடியாது. மூன்று தலைமுறை காத்திருந்த அந்தச் சாவி கைக்கு வரும் கணத்தை நம் புனைகதை போதிய அளவு எழுதவில்லை. தவணை கட்ட இயலாமல் அவ்வுரிமை வங்கிக்குப் போகும் துயரத்தையும் எழுதவில்லை. வாடகை வீட்டில் வாழ்வோரின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதுவும் எழுதப்படாமலே நிற்கிறது.

இரண்டாவது, புதிய உறவுகள். லயத்தில் அடுத்த வீட்டாரும் தமிழர். அடுக்குமாடியில் எதிர்வீட்டில் மலாய்க் குடும்பமும் பக்கத்தில் சீனக் குடும்பமும் இருக்கக்கூடும். தைப்பொங்கலுக்கு எங்கே அடுப்பு வைப்பது, வாசற்கோலத்தை நடைகூடத்தில் எத்தனை அடி அகலத்தில் இடுவது, இறந்தவரின் உடலை மின்தூக்கியில் எவ்வாறு கீழே இறக்குவது, பறையடித்து வழியனுப்புவதற்கு யாரிடம் இசைவு கேட்பது என்பன போன்ற வினாக்களுக்கு மக்கள் ஒவ்வொரு நாளும் விடை கண்டுகொண்டே வாழ்கின்றனர். ஒரு நாவலாசிரியனுக்கு இவற்றைவிடச் செழிப்பான கருப்பொருள் வேறென்ன வேண்டும்?

அண்ணாசாமி காட்டும் வழி

அண்டை நாடாகிய சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் நிறுவப்பட்டது. கம்பத்து அத்தாப்பு வீடுகளிலிருந்து மக்கள் அடுக்குமாடிகளுக்கு மாறிய அக்காலத்தில், புதுமைதாசன் என்னும் பி. கிருஷ்ணன் வானொலிக்காக ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ என்னும் தொடர் நாடகத்தை எழுதினார். 1960களின் இறுதியில் ஒலிபரப்பான அந்நாடகம் நகைச்சுவை நாடகம். தலைப்பை நோக்குக. அடுக்குவீடு அங்கே அண்ணாசாமியின் அடைமொழியாகிவிட்டது. அறந்தை நாராயணன், திருப்பூர்க் குமரன் என்று ஊரைப் பெயரோடு சேர்த்து அழைப்பது தமிழ் மரபு. அடுக்குவீட்டையும் அவ்வாறே ஊராக்கிக்கொண்டார் ஆசிரியர். மாடி வீட்டில் அழுவதற்கு மட்டுமன்றிச் சிரிப்பதற்கும் சண்டையிடுவதற்கும் சமாதானமாவதற்கும் இடமுண்டு என்று அவர் கண்டார். அந்நாடகம் பெரும்பான்மையோர்க்கு வாய்த்த புதுவாழ்வை நாடகம் நடக்கும்போதே எழுதியது. ஐம்பது ஆண்டு கழித்து ஏங்குவதற்காகக் காத்திருக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சிங்கப்பூரில் அரசே கட்டி உரிமையோடு விற்ற வீடுகளையும், நம் நாட்டில் தோட்டம் விற்கப்பட்டதால் வேறு போக்கின்றி ஏறிய மாடிகளையும் ஒப்பிடலாமா என்பது அம்மறுப்பு. இது நியாயமானது. வெளியேற்றப்பட்டவன் ஏறும் மாடியும் விரும்பிச் சென்றவன் ஏறும் மாடியும் ஒன்றல்ல. தமிழகத்து மாஞ்சோலையை நினைவுகொள்வோம். 1929ஆம் ஆண்டில், போ தோட்டம் தொடங்கிய அதே ஆண்டில், சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட மலையில் அத்தோட்டம் உருவாயிற்று. குத்தகை முடியும் முன்னரே, 2024இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர் மலையிறங்க நேர்ந்தது. நான்கு தலைமுறையாகப் பனியில் வாழ்ந்தவர்க்குச் சமவெளியில் குடியிருப்பு என்பது மாற்று வீடுதான். ஆனால் மாற்று வாழ்வாகுமா என்ற வினா எஞ்சி நிற்கிறது. இலங்கை மலைநாட்டிலோ ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்பதே கோரிக்கையாக வளர்ந்தது. இந்திய உதவியுடன் அத்தகைய வீடுகள் கட்டப்பட்டும் வருகின்றன. ஆகவே மாடி நல்லதா, தரை நல்லதா என்ற பட்டிமன்றம் இங்கே பயன்படாது. யார் முடிவு செய்தார், யார் பெயரில் பத்திரம், யார் கையில் சாவி என்று கேட்டறிந்த பின்னரே ஒரு கட்டடத்தைப் போற்றவோ தூற்றவோ எழுத்தாளனுக்கு உரிமையுண்டு.

சமநிலத்தில் எழும் கோபுரம்

இந்த அளவுகோலோடு மீண்டும் கேமரன் மலைக்கு வருவோம். அங்குள்ள தலைமை நகரின் பெயர் தானா ராத்தா. மலாய் மொழியில் அதற்குச் சமநிலம் என்று பொருள். மலைமீது மிக அரிதான பொருளையே ஊர்ப்பெயராகச் சூட்டியுள்ளனர். சமநிலம் அரிதாயிருப்பதால் அதற்குப் போட்டி மிகுதி. வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் கார்கள் சங்கிலியாய் ஊர்ந்துவரும் மலைப்பாதையில், ஒரு சிறு வெட்டவெளி முதலில் கார்கள் நிற்கும் இடமாகிறது. பின்னர் நிலத்தின் விலை ஏறும்போது, கார் நிறுத்திய அதே இடத்தில் தங்குவிடுதியோ அடுக்குமாடியோ எழுகிறது. பிரிஞ்சாங், தானா ராத்தா பகுதிகளில் இவ்வாறு உயர்ந்த கட்டடங்களின் மாடத்தில் நின்றால், எதிரே தேயிலைச் சரிவுகளும் பனிமூட்டமும் தெரியும். அக்காட்சிக்காகவே அவ்வீடுகள் விலைபோகின்றன.

இந்த அடுக்குமாடியை என்னவென்று எழுதுவது? கார் நிறுத்தும் வெட்டவெளி மறைந்துவிட்டதே என்று இரங்கற்பா பாடுவதில் பொருளில்லை. அந்த வெட்டவெளி யாருடைய நினைவிலும் இனிய இடமாக இருந்ததில்லை. சமநிலம் அரிதான ஊரில் பரப்பாக விரிந்து காட்டை அழிப்பதைவிட, முன்பே திருத்திய இடத்தில் உயரமாகக் கட்டுவது அறிவுடைமை என்றுகூட வாதிடலாம். மலைச்சரிவில் கட்டும் ஆபத்தை 1993ஆம் ஆண்டு டிசம்பரில் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டபோது நாடே கண்டது. மலையைச் சுரண்டினால் வரும் விளைவைப் பெர்த்தாம் பள்ளத்தாக்கு மக்கள் 2013ஆம் ஆண்டு அக்டோபரில், அணைநீர் திறக்கப்பட்ட இரவில் அனுபவித்தனர். வண்டல் நிரம்பிய நீர்த்தேக்கத்திற்கும் மேலே வெட்டப்பட்ட சரிவுகளுக்கும் தொடர்புண்டு. ஆகவே கட்டடத்தின் உயரத்தைக் காட்டிலும் அது நிற்கும் மண்ணை எழுத்தாளன் முதலில் நோக்க வேண்டும்.

அடுத்து நோக்க வேண்டியது அதே பழைய சாவி. மலைநகரத்து அடுக்குமாடிகளில் பல வீடுகள் சமவெளி நகரங்களில் வாழ்வோருக்கு இரண்டாம் வீடுகள். விடுமுறையில் விளக்கெரியும், மற்ற நாள்களில் இருண்டு கிடக்கும். அந்த இருண்ட மாடிகளுக்கு எதிர்ச்சரிவில், ஆளிருந்தும் உரிமையில்லாத லயங்கள் இருக்கின்றன. ஒருபக்கம் உரிமையாளர் உண்டு, வாழ்வோர் இல்லை. மறுபக்கம் வாழ்வோர் உண்டு, உரிமை இல்லை. லயத்தில் இன்று தமிழனோடு வங்காளதேசத்தவனும் நேப்பாளியும் வாழ்கின்றான். அவன் ஒப்பந்தம் முடிந்ததும் அறையைக் காலி செய்ய வேண்டியவன். நம் தாத்தாவின் கதை அவன் மொழியில் மீண்டும் நிகழ்கிறது. வீடற்றவன் என்ற தலைப்பு இன்று அவனுக்கும் பொருந்தும் என்பதை உணரும் தமிழ் எழுத்தாளனே சி. வி. வேலுப்பிள்ளையின் உண்மையான வழித்தோன்றல். தன் இனத்தின் துயரை மட்டும் நினைவில் வைத்து, அதே அறையில் அதே துயரோடு படுத்திருக்கும் பிறனைக் காணாதவன், தன் முன்னோரின் கதையையும் பாதியே படித்தவனாவான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இக்கோபுரங்களுக்கும் உள்ள தொடர்பும் எழுதத்தக்கது. தாய் கொழுந்து பறித்த சரிவு, மகள் பணிபுரியும் விடுதியின் சன்னலுக்கு வெளியே காட்சிப்பொருளாகத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு அது வேலைக்களம், விருந்தினர்க்கு அழகு, அறையைத் துடைத்துப் படுக்கை விரிக்கும் மகளுக்கு அது என்ன? இந்த ஒரு வினாவைச் சுற்றி ஒரு நல்ல நாவல் எழலாம். தூரத்துப் பச்சை என்ற பழமொழி அங்கே புதுப்பொருள் கொள்ளும். மகள் தன் பிறந்த மண்ணையே தூரத்திலிருந்து பார்க்கிறாள்.

மாணவர் கேட்க வேண்டிய வினா

ரப்பர்க் காட்டை நம் புனைகதை நெருங்கி அறிந்த அளவுக்குத் தேயிலை மலையை அறியவில்லை. லயத்தை அறிந்த அளவுக்கு அடுக்குமாடியை அறியவில்லை. இக்குறை நீங்கும் அறிகுறிகள் இல்லாமல் இல்லை. ம. நவீனின் ‘சிகண்டி’ போன்ற நாவல்கள் கோலாலம்பூரின் உட்புறங்களுக்குள் துணிந்து நுழைந்துள்ளன. நகரம் என்றாலே கேடு, தோட்டம் என்றாலே தூய்மை என்ற எளிய பிரிவினையை இத்தலைமுறை எழுத்தாளர்கள் ஏற்பதில்லை. ஆயினும் நகரத்தின் இருளை எழுதுவது ஒன்று, நகரத்தில் குடும்பம் நடத்துவதை எழுதுவது மற்றொன்று. பின்னது இன்னும் எழுத்தாளரை எதிர்நோக்கி நிற்கிறது.

இதில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. 1957இல் இந்நாட்டில் இருந்த தமிழ்ப்பள்ளிகள் 888. இன்று ஐந்நூற்றுக்குச் சற்று மேற்பட்டவையே உள்ளன. மூடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை தோட்டப்பள்ளிகள். எஞ்சிய பள்ளிகளில் பயிலும் மாணவருள் பலர் அடுக்குமாடிகளிலிருந்து வருபவர். அவர்களிடம் ‘தோட்டப்புற வாழ்க்கையின் இனிமை’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், தாம் காணாத பசுவையும் விளையாடாத திடலையும் பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவர். அதன்மூலம் அவர்கள் கற்பது, தமிழில் எழுதத்தக்க வாழ்வு தம் வாழ்வன்று, தம் பாட்டியின் வாழ்வே என்பதுதான். ஒரு மொழிக்கு இதைவிடப் பெரிய தீங்கு வேண்டியதில்லை. ‘எங்கள் மாடியின் நடைகூடம்’ என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். அதே மாணவன் மின்தூக்கி என்ற சொல்லையும், தவணை, பராமரிப்புக் கட்டணம், அண்டைவீட்டார் என்ற சொற்களையும் தேடிக்கொள்வான். சொல் வந்தால் பொருளும் வரும்.

தோட்ட நாவல்களைக் கற்பிக்க வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அவற்றை இன்னும் கூர்மையாகக் கற்பிக்க வேண்டும். கதைமாந்தர் பண்பு, வருணனைத் திறன், நடைநயம் என்று வகுத்துக் கற்பிக்கும்போது ஒரு வினாவையும் உடன் சேர்த்துக்கொள்ளலாம்: இக்கதையில் வரும் ஒவ்வொரு கதவின் சாவியும் யாரிடம் இருக்கிறது? ‘மீன்கள்’ படித்த மாணவன் இவ்வினாவோடு தன் அடுக்குமாடிக்குத் திரும்பினால், தன் வீட்டுக் கதவையும் அவன் புதிதாகப் பார்ப்பான். அந்த மாடி வீடு தன் பெற்றோர் ஈட்டியதா, வாடகைக்கு எடுத்ததா, மாதத் தவணை எவ்வளவு, பாட்டி ஏன் அந்த லயத்தை விட்டு வந்தார் என்று கேட்பான். கேட்டு எழுதுவானாயின், நம் புனைகதை லயத்து வாசலிலிருந்து எழுந்து தன் மக்கள் சென்ற மாடிக்குச் செல்லும்.